98-னு ஒரு நம்பர், 41,300 ரூபா போச்சு

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல முக்காவாசி ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் பத்திதான். அதுலயும் பசங்களுக்கு இளைப்பு வந்து அட்மிட் பண்ணி கிளைம் கிடைக்காம போனதுதான் ஜாஸ்தி. பனிக்காலம் முடிஞ்சு லெட்டர் வர்ற சீசன் இது. மூணு கேள்வி எடுத்திருக்கேன், மொதல் கேள்விக்கு பதில் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

கேள்வி: வணக்கம்ங்க அண்ணா, கரூர்ல இருந்து எழுதறேன், பேர் வேண்டாம்ங்க. என் பையனுக்கு 6 வயசு. போன டிசம்பர்ல ஒரு நாள் இளைப்பு ஜாஸ்தியாயிருச்சு, சாயங்காலமே பக்கத்து கிளினிக்ல ரெண்டு தடவ நெபுலைசர் வெச்சுக் கூட்டிட்டு வந்தோம், ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு மேல படுக்கவே முடியாம உக்காந்துட்டே மூச்சு வாங்கறான், அம்மான்னு சொல்லிட்டு அடுத்த வார்த்தை வரல, விலாக்கிட்ட குழி குழியா விழுது, பயந்துபோயி எங்க வீட்டுக்காரரு வண்டியில தூக்கி வெச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். போனவுடனே ஆக்சிஜன் வெச்சு அட்மிஷன் போட்டுட்டாங்க, மூணு நாள் இருந்தோம். கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டுற கேஷ்லெஸ் கேட்டதுக்கு அது வேணும் இது வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்து டிஸ்சார்ஜ் அன்னைக்கு இல்லைன்னுட்டாங்க. 41,300 ரூபாய்ங்க, என் வளையலை அடகு வெச்சுதான் கட்டினோம். பொறவு எல்லாப் பேப்பரையும் அனுப்பி பணத்தைத் திருப்பிக் கேட்டோம், இப்ப லெட்டர் வந்திருக்கு. ஒண்ணு, பையன் நிலைமை நல்லா இருந்துச்சு, ஓபி-யிலயே பாத்திருக்கலாம், அட்மிஷனே தேவையில்லையாம். ரெண்டாவது, ஆஸ்துமா 3 வருஷமா இருக்கு, பாலிசி எடுக்கும்போது மறைச்சிட்டோமாம். பாலிசி எடுத்தது 2024 ஆகஸ்ட்ல. சின்னதுல சளி புடிச்சா கொஞ்சம் இளைக்கும், டாக்டர் சிரப் குடுப்பாரு, சரியாப் போயிரும், ஆஸ்துமான்னு யாரும் சொன்னதில்லைங்க, 2025 ஜூன்லதான் மொத மொதல்ல பஃப் எழுதிக் குடுத்தாங்க. ஏஜென்ட் போன் எடுக்கறதில்ல, கம்பெனிக்குப் பண்ணினா ஒவ்வொரு தடவையும் வேற ஒரு பொண்ணு பேசுது, மொதல்ல இருந்து சொல்லச் சொல்லுது. மாமியார் "புள்ள பொழச்சுதே, போனது போவட்டும்"ங்கறாங்க. விட்டுடலாமாண்ணா? டிஸ்சார்ஜ் சம்மரி, பில்லு, அவங்க லெட்டர் மூணையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்.

பதில்: விடாதீங்கம்மா. மாமியார் சொல்றது நல்ல மனசுதான், ஆனா வளையல் அடகுல இருக்குல்ல.

நான் ஒரு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல ரொம்ப வருஷம் உக்காந்தவன், அந்தப் பக்கம் எப்படி ஃபைல் பாக்குறாங்கன்னு தெரியும். நீங்க அனுப்பின மூணு பேப்பர்லயே பாதி விடை இருக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியில 'அட்மிஷன் நேரத்தில் ஆக்சிஜன் அளவு 98'னு டைப் ஆகியிருக்கு, 98 சதவீதம்னா நார்மல்னு அர்த்தம். இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டர் உங்க பையனைப் பாக்கல, அந்த 98-ஐத்தான் பாத்தாரு. 98 இருக்கிற பையனை எதுக்கு மூணு நாள் படுக்க வெச்சாங்கன்னு அவருக்குத் தோணியிருக்கு, 'ஓபி-யிலயே பாத்திருக்கலாம்'னு எழுதிட்டாரு. ஆனா நீங்க அனுப்பின பில்லைப் பாருங்க, ரெண்டாவது பக்கத்துல 'ஆக்சிஜன் 31 மணி நேரம்'னு சார்ஜ் போட்டிருக்கு, நெபுலைசேஷன் 22 தடவை, ஸ்டீராய்டு ஊசி 6. சும்மா காத்துலயே 98 இருக்கிற பிள்ளைக்கு யாராவது 31 மணி நேரம் ஆக்சிஜன் வெப்பாங்களா? அந்த 98 மாஸ்க் போட்டதுக்கு அப்புறம் எடுத்ததா இருக்கணும், சம்மரி டைப் பண்ணினவர் 'ஆக்சிஜனுடன்'ங்கிற ஒரு வார்த்தையை விட்டுட்டாரு. இது ரொம்ப சகஜம். சம்மரின்னா பாதி ஆஸ்பத்திரியில பழைய பேஷன்ட்டோட ஃபைலை எடுத்து பேரை மாத்துறதுதான், சொல்லக்கூடாது ஆனா சொல்றேன்.

அதனால மொதல் வேலை, போனை கீழ வைங்க. இனிமே கம்பெனிக்கு போன் பண்ணவே வேண்டாம், அதுக்கு சாட்சியும் கிடையாது பலனும் கிடையாது. நேரா ஆஸ்பத்திரி மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்குப் போங்க. 'இண்டோர் கேஸ் பேப்பர் முழுசா காப்பி வேணும்'னு (அட்மிட் ஆகியிருந்த நாள்ல டாக்டரும் நர்ஸும் எழுதின எல்லாப் பேப்பரும்) ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் குடுத்து, இன்னொரு காப்பியில சீல் வாங்கிக்கோங்க. அப்புறம் வாங்க, டாக்டர் லீவுன்னு இழுப்பாங்க. மெடிக்கல் கவுன்சிலோட 2002 நன்னடத்தை விதிகள்ல இருக்கு, பேஷன்ட் கேட்டா 72 மணி நேரத்துல ரெக்கார்டைக் குடுக்கணும். அதைச் சொல்லுங்க, சத்தம் போடாம சொல்லுங்க, ஏன்னா அடுத்து அதே ஆஸ்பத்திரி டாக்டர்கிட்டதான் ஒரு லெட்டர் கேக்கப் போறீங்க.

அந்தக் கட்டுல நீங்க தேட வேண்டியது நர்ஸ் எழுதின சார்ட். எமர்ஜென்சிக்குள்ள நுழைஞ்சதும் எழுதின மொதல் வரியில 'ரூம் ஏர்'னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், அதாவது ஆக்சிஜன் வைக்காம விரல்ல கிளிப் மாட்டி எடுத்த அளவு. நீங்க சொல்ற மாதிரி வார்த்தை வராம, படுக்க முடியாம, விலா ஒடுங்கி இருந்திருந்தா அது 98-ஆ இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆஸ்துமாவுக்கு உலகம் பூரா டாக்டருங்க பாக்குற ஜினா வழிகாட்டியில 6 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு, ஒத்தை ஒத்தை வார்த்தையா பேசுறது, முன்னாடி குனிஞ்சு உக்காந்துக்கிறது, மூச்சு நிமிஷத்துக்கு 30-க்கு மேல, நாடி 120-க்கு மேல, ஆக்சிஜன் 90-க்குக் கீழ, இதெல்லாம் கடுமையான தாக்குதலுக்கு அடையாளம்னு போட்டிருக்கு. 5 வயசு வரைக்கும் உள்ள குழந்தைன்னா 92-க்குக் கீழ போனாலே கடுமைதான். அப்புறம் மொதல் ஒரு மணி நேரத்துல 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை நெபுலைசர் வெச்சாங்களா, அதுக்கு அப்புறமும் அளவு ஏறலையா, எத்தனை மணிக்கு ஆக்சிஜனை எடுத்தாங்க, எடுத்ததும் திரும்ப இறங்குச்சா, இதையெல்லாம் மணி போட்டு எழுதியிருப்பாங்க. மஞ்சள் மார்க்கர்ல கோடு போட்டு வைங்க. சாயங்காலம் கிளினிக்ல ரெண்டு தடவ நெபுலைசர் வெச்சீங்களே, அந்தச் சீட்டு இருக்கா? அது தங்கம். ஓபி-யில பாத்திருக்கலாம்னு சொல்றவங்களுக்கு அதை விட நல்ல பதில் கிடையாது, ஓபி-யில பாத்தாச்சு, கேக்கல, அதனாலதான் அட்மிஷன்.

இப்ப அந்த ரெண்டாவது காரணத்துக்கு வரேன், உண்மையில இதுதான் கொஞ்சம் சிக்கலானது. 3 வருஷம்னு எங்க இருந்து வந்துச்சு? நீங்கதான் சொல்லியிருப்பீங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் 'எவ்வளவு நாளா இருக்கு'ன்னு கேப்பாரு, பதட்டத்துல 'சின்னதுல இருந்தே சளி புடிச்சா இளைக்கும் சார், மூணு வருஷமா'ன்னு எந்த அம்மாவும் சொல்லும், அவரு அதை 'நோன் கேஸ் ஆஃப் ஆஸ்துமா, 3 இயர்ஸ்'னு எழுதிடுவாரு. கம்பெனிக்கு அந்த ஒரு வரி போதும், கணக்குப் போட்டா 2022, பாலிசி 2024, மறைச்சிட்டாங்கன்னு முடிச்சிடுவாங்க.

ஆனா 'முன்பே இருந்த நோய்'னா என்னன்னு பாலிசி புத்தகத்துலயே விளக்கம் இருக்கு, எடுத்துப் படிங்க. ஐஆர்டிஏஐ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அரசு அமைப்போட இப்போதைய விதிப்படி, பாலிசி ஆரம்பிக்கிறதுக்கு முந்தின 36 மாசத்துக்குள்ள ஒரு டாக்டர் கண்டுபிடிச்சு சொல்லியிருக்கணும், இல்லைன்னா அந்த நோய்க்கு டாக்டர்கிட்ட ஆலோசனையோ வைத்தியமோ எடுத்திருக்கணும். சளியோட வந்துபோற இளைப்பு எல்லாம் ஆஸ்துமா கிடையாது. 5 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு வைரஸ் சளி வந்தா வீசிங் வரும், வளர வளர நிறைய பேருக்கு அது தானா நின்னுடும், அதனாலதான் குழந்தை டாக்டருங்க அந்த வயசுல ஆஸ்துமாங்கிற பேரை அவ்வளவு சீக்கிரம் வைக்க மாட்டாங்க. நீங்க வழக்கமா பாக்குற டாக்டர்கிட்ட லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் கேளுங்க: ஆஸ்துமான்னு முதல்ல முடிவு பண்ணின தேதி, முதல்ல இன்ஹேலர், அதாவது பஃப், எழுதின தேதி, அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் சளியோட வந்த இளைப்புதான்னு அவர் நினைச்சா அதுவும். 2025 ஜூன்தான் முதல் தேதின்னா அது பாலிசிக்கு அப்புறம் வந்த நோய்.

ஒண்ணு மட்டும் உங்க மனசுக்குள்ள கேட்டுக்கோங்க, எனக்குச் சொல்ல வேண்டாம். 2024 ஆகஸ்ட்டுக்கு முன்னாடி இளைப்புக்காக நெபுலைசர் வெச்சது, பஃப் அடிச்சது, எங்கயாவது ராத்திரி தங்கினது உண்டா? உண்டுன்னா கதை வேற. அப்ப காத்திருப்புக் காலம்னு ஒண்ணு இருக்கு, அதிகபட்சம் 36 மாசம், அது முடியாம பணம் வாங்குறது கஷ்டம், அந்த நிலைமையில நான் நம்பிக்கை குடுத்தா அது பொய். இல்லைன்னா தைரியமா போங்க. முன்னாடியே நோய் இருந்துச்சுன்னு நிரூபிக்கிற பொறுப்பு கம்பெனியோடதுன்னு நுகர்வோர் கோர்ட்டுங்க எத்தனையோ வழக்குல சொல்லியிருக்கு, பழைய சீட்டு பழைய பில்லு எதுவும் காட்டாம ஹிஸ்டரியில இருக்கிற ஒரு வரியை மட்டும் தூக்கிப் பிடிச்சா நிக்காது.

அதே மாதிரி, சம்மரியை மாத்தி டைப் பண்ணித் தாங்கன்னு ஆஸ்பத்திரியில கெஞ்சாதீங்க. கம்பெனிகிட்ட பழைய காப்பி இருக்கு, ரெண்டும் வேற வேறயா இருந்தா உங்களைத்தான் சந்தேகப்படுவாங்க. நல்லா இருந்த கிளைமை இப்படிக் கெடுத்துக்கிட்டவங்களை நான் பாத்திருக்கேன். அதுக்குப் பதிலா இன்னைக்கு தேதி போட்டு ட்ரீட் பண்ணின டாக்டர் ஒரு விளக்கக் கடிதம் தரட்டும், 'சம்மரியில் உள்ள 98 ஆக்சிஜன் வைத்த பிறகு எடுத்த அளவு, வந்தபோது ரூம் ஏரில் இவ்வளவு, இந்த இந்தக் காரணத்தால் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை'ன்னு. நாலு வரி போதும்.

லெட்டர்ல எக்ஸ்க்ளூஷன் கோட் 04-னு போட்டிருக்காங்களே, கவனிச்சீங்களா? அது என்ன தெரியுமா, வெறும் டெஸ்ட் எடுத்துப் பாக்குறதுக்காக மட்டும் அட்மிட் ஆனா பணம் கிடையாதுங்கிற விதி. முழு உடம்பு செக்கப்புக்குப் போய் ரெண்டு நாள் ஏசி ரூம்ல படுத்துக்கிறவங்களைத் தடுக்க வெச்சது. ஆக்சிஜன், ஊசி, 22 நெபுலைசேஷன் வாங்கின பையனுக்கு அது எங்க பொருந்தும்? சிரிப்புதான் வருது.

இப்ப மெயில் போடுங்க. டிபிஏ-வுக்கு (கம்பெனிக்காக கிளைம் பேப்பர் பாக்குற ஏஜென்சி) இல்ல, கவனிங்க, இன்சூரன்ஸ் கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு. அவர் மெயில் ஐடி பாலிசி புத்தகத்தோட கடைசிப் பக்கங்கள்ல கட்டாயம் இருக்கும். அக்கம்பக்கத்துல யாராவது காலேஜ் படிக்கிற பிள்ளை இங்கிலீஷ்ல டைப் பண்ணித் தரட்டும், விஷயம் இவ்வளவுதான்: "என் மகனின் கிளைமை இந்தத் தேதியில் நிராகரித்தீர்கள். அட்மிஷன் தேவையில்லை என்கிறீர்கள், கிளினிக்கில் இரண்டு முறை நெபுலைசேஷன் கொடுத்தும் குறையாமல் வந்ததையும், ரூம் ஏரில் இருந்த அளவையும், 31 மணி நேர ஆக்சிஜனையும் காட்டும் நர்ஸ் சார்ட் இணைத்துள்ளேன். முன்பே இருந்த நோய் என்கிறீர்கள், பாலிசிக்கு முன் ஆஸ்துமா கண்டறியப்பட்டதற்கு உங்களிடம் உள்ள ஆவணத்தின் நகலைத் தரவும். கோட் 04 எப்படிப் பொருந்துகிறது என்று விளக்கவும். இந்த நிராகரிப்புக்கு கிளைம் ரிவியூ கமிட்டி ஒப்புதல் கொடுத்த தேதியைத் தெரிவிக்கவும்." அந்தக் கடைசி வரியை விட்டுடாதீங்க. 2024 மே 29-ஆம் தேதி ஐஆர்டிஏஐ போட்ட மாஸ்டர் சர்க்குலர்படி, அந்தக் கமிட்டி பாக்காம எந்த ஹெல்த் கிளைமையும் நிராகரிக்கக் கூடாது, நிராகரிச்சா பாலிசியில எந்த விதியின் கீழன்னு குறிப்பிட்டுச் சொல்லணும். இதைக் கேட்டவுடனே ஃபைல் கொஞ்சம் மேல இருக்கிற ஆள் கைக்குப் போகும். அழுது எழுதாதீங்க, சாபம் விடாதீங்க, ராத்திரி பட்ட கஷ்டத்தை ரெண்டு வரியில சொன்னா போதும்.

அதே புகாரை ஐஆர்டிஏஐ-யோட பீமா பரோசா போர்ட்டல்லயும் பதிஞ்சுடுங்க, இல்ல 155255-க்கு போன் பண்ணி பதியலாம் (போன் பண்ணாதீங்கன்னு சொன்னேன், இது ஒண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு). ஐஆர்டிஏஐ தீர்ப்பு சொல்லாது, கம்பெனிக்குத்தான் அனுப்பி பதில் சொல்ல வைக்கும், ஆனா கம்பெனிக்கு அங்க ஒரு கணக்கு ஏறும்.

ஒரு மாசம் பாருங்க. பதில் வரல, இல்ல திரும்பவும் முடியாதுன்னுட்டாங்கன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போங்க, கம்பெனி மேல வர்ற புகாரை விசாரிச்சு தீர்ப்பு சொல்ற அதிகாரி அவரு. தமிழ்நாட்டுக்கு ஆபீஸ் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலையில. கரூர்ல இருந்து பஸ் ஏறணும்னு இல்ல, ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம், விசாரணையும் வீடியோ கால்ல நடக்கும். ஒரு பைசா ஃபீஸ் கிடையாது. வக்கீல் வெச்சுக்க அனுமதியே இல்ல, நீங்களேதான் பேசணும், அதுக்குப் பயப்படாதீங்க, அன்னைக்கு ராத்திரி பக்கத்துல இருந்தது நீங்கதான். கம்பெனி கடைசியா முடியாதுன்னு சொன்ன ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும், அதைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க. 50 லட்சம் வரைக்கும் தீர்ப்பு சொல்ல அதிகாரம் இருக்கு, உங்க 41,300 அவங்களுக்குச் சின்னதா தெரியும்னு நினைக்காதீங்க, இந்த மாதிரி தொகைதான் அங்க நிறைய வருது. உங்களுக்குச் சாதகமா தீர்ப்பு வந்தா கம்பெனி 30 நாளைக்குள்ள பணம் போட்டே ஆகணும், போடலைன்னா நாளுக்கு 5,000 ரூபா உங்களுக்கே சேர்த்துத் தரணும்னு அதே 2024 சர்க்குலர் சொல்லுது. சாதகமா வரலைன்னா அப்பவும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பொதுவா ரெண்டு வருஷத்துக்குள்ள. ஆனா மொதல்லயே அங்க கேஸ் போட்டுட்டீங்கன்னா ஆம்புட்ஸ்மேன் அதைத் தொட மாட்டாரு, அதனால வரிசை முக்கியம்.

இன்னொண்ணு, கோபத்துல பாலிசியை ரினியூ பண்ணாம விட்டுடாதீங்க. விட்டா இதுவரைக்கும் ஓடின காத்திருப்புக் காலம் எல்லாம் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும், இப்ப ஆஸ்துமான்னு பேரும் வந்தாச்சு, புது கம்பெனி அதைக் கேட்டுத்தான் பாலிசி தரும். கம்பெனி மாத்தியே ஆகணும்னா போர்ட்டபிலிட்டியில மாத்துங்க, ரினியூவல் தேதிக்கு 45 நாள் முன்னாடி கேக்கணும், ஓடின காலம் கூடவே வரும். மறைச்சதால பாலிசியையே ரத்து பண்றோம்னு தனியா ஒரு நோட்டீஸ் வந்தா அதை டிராயர்ல போடாம அதுக்கும் இதே பேப்பரை வெச்சு பதில் எழுதுங்க, சும்மா இருந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

கேள்வி: சார், தூத்துக்குடியில ஒரு கம்பெனியில வேலை. ஆபீஸ் குரூப் பாலிசி. பொண்ணுக்கு 4 வயசு, வீசிங்னு சேர்த்திருக்கோம், இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம், கேஷ்லெஸ் ரிஜெக்ட்னு இப்பதான் மெசேஜ் வந்துச்சு. டிஸ்சார்ஜ் வாங்கிட்டு வேற எங்கயாவது போயிடட்டுமா?

பதில்: இந்தக் கடிதம் எனக்கு வந்து நீங்க படிக்கிறதுக்குள்ள பாப்பா வீட்டுக்கு வந்து விளையாடிட்டு இருக்கும்னு நம்புறேன், ஆனா வேற யாருக்காவது இன்னைக்கு ராத்திரி உதவும். இளைப்போட இருக்கிற குழந்தையை இன்சூரன்ஸுக்காக டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டிட்டுப் போகாதீங்க, எந்தக் காரணத்துக்கும். கேஷ்லெஸ் இல்லைன்னா கிளைமே இல்லைன்னு அர்த்தம் இல்ல. கைக்காசு கட்டிட்டு அப்புறம் கேக்கலாம், ரெண்டும் வேற வேற முடிவு. கேஷ்லெஸ்ஸுக்கு கம்பெனி ஒரு மணி நேரத்துல பதில் சொல்லணும், டிஸ்சார்ஜ் நேரத்துல பில்லு போனதும் மூணு மணி நேரத்துல ஒப்புதல் தரணும், அதுக்கு மேல இழுத்ததால ஆஸ்பத்திரி கூடுதலா காசு கேட்டா அது கம்பெனி தலையில. டெஸ்க்ல இருக்கிற பையன்கிட்ட 'நர்ஸ் சார்ட்டையும் சேர்த்து திரும்ப அனுப்புங்க தம்பி'ன்னு சொல்லுங்க, மொத தடவை வெறும் ஃபாரம் மட்டும்தான் போயிருக்கும். காலையில எச்ஆர்-கிட்ட பாலிசி காப்பி கேளுங்க. நிறைய ஆபீஸ் பாலிசியில முன்பே இருந்த நோய்க்கு மொத நாள்ல இருந்தே கவர் இருக்கும், அது தெரியாம டிபிஏ-வுல யாரோ தனிநபர் பாலிசி மாதிரி நினைச்சு தட்டிவிட்டிருப்பாங்க. எச்ஆர் பக்கம் இருந்து ஒரு புரோக்கர் இருப்பாரு, அவர் ஒரு மெயில் போட்டா நாம பத்து மெயில் போட்டதுக்குச் சமம், அநியாயம்தான் ஆனா அப்படித்தான் நடக்குது. குரூப் பாலிசின்னாலும் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், போக முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கேள்வி: பேரனுக்கு ஆஸ்துமா. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் நெபுலைசர் மெஷின், பஃப்போட மாட்டுற ஸ்பேசர் குழாய், பஃப் எல்லாம் வாங்கினோம், 4,000 ரூபாய்க்கு மேல. இதுக்கு கிளைம் உண்டா? பாலிசியில 'வீட்டு வைத்தியத்தில் ஆஸ்துமா கிடையாது'ன்னு போட்டிருக்கு, அப்போ ஆஸ்துமாவுக்கே கவர் இல்லையா தம்பி? - ஒரு தாத்தா, காரைக்கால்

பதில்: இருக்குங்கய்யா, பயப்படாதீங்க. அந்த வரி டொமிசிலியரின்னு சொல்ற பகுதியில மட்டும் வரும். ஆஸ்பத்திரியில பெட் கிடைக்காமலோ, நகர்த்த முடியாமலோ வீட்டுலயே வெச்சுப் பாக்குற வைத்தியம் அது, பழைய மெடிகிளைம் காலத்துல இருந்தே அதுல ஆஸ்துமா, ப்ராங்கைட்டிஸ்னு ஒரு லிஸ்ட்டை விலக்கி வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில சேர்ந்து பாத்தா அது பொருந்தாது. அந்த வரியைக் காட்டி யாராவது அட்மிஷன் கிளைமை மறுத்தா, அது எந்தத் தலைப்புக்குக் கீழ இருக்குன்னு விரல் வெச்சுக் காட்டுங்க.

மெஷினும் ஸ்பேசரும் பெரும்பாலும் கிடைக்காது, பணம் தராத பொருட்கள் லிஸ்ட்லயே ஸ்பேசர், நெபுலைசர் கிட் எல்லாம் பேரோட இருக்கு. ஆனா பஃப் மருந்து, மாத்திரை, டாக்டரைத் திரும்பப் பாத்த ஃபீஸ் இதெல்லாம் டிஸ்சார்ஜுக்கு அப்புறம் பெரும்பாலான பாலிசியில 60 நாள் வரைக்கும் கேக்கலாம், சேர்றதுக்கு முந்தின 30 நாள் செலவும் அதே மாதிரி. அட்மிஷன் கிளைம் பாஸ் ஆகியிருக்கணும், டாக்டர் சீட்டு வேணும், மருந்துக்கடை பில்லுல பேரன் பேர் இருக்கணும், உங்க பேர்ல போட்டிருந்தா கடைக்காரர்கிட்ட போய் இன்னைக்கே மாத்தி வாங்கிடுங்க. ஆம்புட்ஸ்மேன் வரைக்கும் போக வேண்டி வந்தா காரைக்காலுக்கும் அதே சென்னை ஆபீஸ்தான், மாஹேக்காரங்கதான் கொச்சிக்குப் போகணும்.